மீன் எண்ணெய் குடித்த கிட்டார்

கிட்டாருக்கு மீன் எண்ணெய் பூசின ஆள் இந்த உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அதுவும் வாசப்படிக்குள்ள மீனே ஏறாத குடும்பத்துல பிறந்தவ. இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. ஆனா அந்த மூணு மாசம் நாய் படாத பாடு பட்டேன்.

அந்த கிட்டார் என்னுது இல்ல. அதுதான் விசயமே. தூத்துக்குடியில ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல நான் வேலை பாக்கேன். பதினெட்டு வருசமா எனக்குப் பக்கத்து மேசையில ஒரு அக்கா இருக்காங்க. பிறந்த ஊரு மணப்பாடு. என்னைவிட ஆறு வயசு மூப்பு. மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசையில பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிக்கது அவங்கதான். நான் தாமிரபரணி ஆத்தங்கரையில நெல்லு வயல் வச்சிருக்க வீட்டுப் பொண்ணு, சுத்த சைவம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல மீன் சந்தைத் தெருவைத் தாண்டணும்னா முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு ஓடுவேன். மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா, நான் என் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் ஓரமா போயிருவேன்.

"ஏளா, மீனு உன்னையத் தின்னுரவா போகுது?" ன்னு கேப்பாங்க. ஆனா ரெண்டாவது வாரத்துலருந்து அவங்களே எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயி சாப்பிட ஆரம்பிச்சாங்க. நான் எந்திரிக்க வேண்டாமாம். எங்க சிநேகிதம் அப்படித்தான் தொடங்குச்சு. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்க ஒரே சிநேகிதி அவங்கதான். மத்தவங்க எல்லாம் தெரிஞ்சவங்க, அவ்வளவுதான்.

சென்னையில படிக்கும்போது அக்கா வாங்கின கிட்டார் அது. விளிம்புல ஒரு இடத்துல அவங்க மக குழந்தையா இருந்தப்போ கடிச்ச பல்லுத் தடம் இருக்கு. பெரிய வெள்ளம் வந்தப்போ அவங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பீரோ, பிரிட்ஜ், கல்யாணப் பட்டு எல்லாத்தையும் போட்டுட்டு, கிட்டார் பெட்டியை மட்டும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ரெண்டு தெரு தாண்டி எங்க வீட்டுக்கு நடந்து வந்தாங்க. மாடிப்படியில உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலன்னு பாத்த பிறகுதான் அழுதாங்க. வெள்ளத்துக்குத் தப்பின சாமான் கடைசியில என் கையில மாட்டிக்கிச்சு.

போன ஆனி மாசம் அக்கா கனடாவுக்குக் கிளம்புனாங்க. மகளுக்குத் தலைப்பிரசவம், ஆறு மாசம் கூட இருக்கணும். போறதுக்கு முந்தின நாள் பெட்டியோட எங்க வீட்டுக்கு வந்தாங்க.

"எங்க வீடு பூட்டிக் கிடக்கும். கடற்கரையில இருக்க தம்பி வீட்டுல வச்சா உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சிரும். அவன் குசினி பூரா மீன் வாடை வேற. உங்க வீடுதான் சுத்தம்," ன்னாங்க. "வாரம் ஒருக்கா எடுத்து வாசி. சும்மா கிடந்தா கெட்டுப் போகும்."

எனக்குத் தெரிஞ்சது மூணே மூணு கார்டு. மத்தியான இடைவேளையில அவங்ககிட்ட கத்துக்கிட்டது. அதை வச்சு ஆடி பூரா 'டிங் டிங்'ன்னு தட்டிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரரு, "தாயே, அந்த மூணுல ஒண்ணையாவது குறை," ன்னு கும்பிட்டாரு.

ஆடியில மேக்கேருந்து வர்ற மேகாத்து எங்க ஊர்ல எப்படி அடிக்கும்னு தெரியும்லா? உதடு வெடிக்கும், கதவு சுருங்கும், வாயைத் திறந்தா மண்ணு. ஆவணி பிறந்த சமயம் ஒருநாள் கிட்டாரைத் துடைக்கும்போது பாக்கேன், கம்பி வந்து முடியுற கட்டைக்குப் பக்கத்துல முடி மாதிரி ஒரு கீறல். காத்துல மரம் காஞ்சு வெடிக்குது! அக்காகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்த வாரந்தான் அவங்க மகளை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. இந்த நேரத்துல இதைச் சொல்லி அவங்க மனசை எதுக்குக் கெடுக்கணும், நாமளே சரி பண்ணிருவோம்னு நினைச்சேன். கெட்ட நேரம் அப்படித்தான் புத்தியைக் குடுக்கும்.

மறுநாள் ஆபீசுக்கு, தோணி கட்டுற ஓடாவி ஒருத்தரு ஏதோ காகிதத்துல கையெழுத்துப் போட வந்தாரு. மரத்தைப் பத்தி அவரைவிடத் தெரிஞ்ச ஆள் இந்தக் கடற்கரையில யாரு இருக்கா? கிட்டாருன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.

"அண்ணாச்சி, வீட்டுல ஒரு மரச்சாமான் காத்துல காஞ்சு கீறல் விடுது. என்ன செய்யலாம்?"

"மீன் எண்ணெய் பூசுங்க தாயி," ன்னாரு, தலையைக்கூட நிமித்தாம. "உள்ளயும் வெளியவும் பூசணும். துணியால பூசாதீங்க, பாதி எண்ணெயைத் துணி குடிச்சிரும். வெறும் விரலால தேச்சாத்தான் மரத்துக்குள்ள எறங்கும். எத்தனை தோணி பாத்தாச்சு."

பாவம், அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. தோணிக்குச் சரியான வைத்தியத்தைத்தான் சொன்னாரு. மறுநாள் ஒரு பாட்டில்ல எண்ணெயும் கொண்டாந்து குடுத்தாரு, நல்ல மனுசன்.

சனிக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரரு வெளிய போன நேரமாப் பாத்து மொட்டை மாடிக்குப் போனேன். ரெண்டு மூக்குலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டேன். பாட்டில் மூடியைத் திறந்ததும், அட முருகா, பஞ்சையும் தாண்டி வந்துச்சு அந்த நாத்தம். ரெண்டு தடவை ஓங்கரிச்சேன். மீன் செதில்கூட மேல படாத கை இது. அந்தக் கையைக் குழிச்சு எண்ணெயை ஊத்தி, கிட்டாரோட முதுகு, கழுத்து, வயிறு எல்லாம் தேச்சேன். நடுவுல இருக்க ஓட்டைக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு உள்பக்கமும் தேச்சேன். ஓடாவி சொன்னதுல ஒண்ணு விடல. அக்காவுக்காகத்தானே, அக்காவுக்காகத்தானேன்னு சொல்லிக்கிட்டே தேச்சேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரு வந்தாரு. வாசல்லயே நின்னு மூக்கை உறிஞ்சினாரு. "பக்கத்து வீட்டுல கருவாடு வறுக்காங்களா?"

சொன்னேன். மனுசன் செருப்பைக்கூடக் கழட்டாம வாசப்படியில உட்கார்ந்து சிரிக்காரு, சிரிக்காரு, கண்ணுல தண்ணி வருது. பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்காப் போச்சுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுச்சு.

அப்புறம் என்ன செய்யல நான்? எலுமிச்சம்பழம் தேச்சேன். வெயில்ல வச்சேன். சாம்பிராணி போட்டேன், மீன் வாடையும் சாம்பிராணி வாடையும் சேர்ந்து இன்னும் கேவலமா ஆச்சு. பூஜை அறையிலருந்து விபூதியை எடுத்து உள்ள தூவினேன். நாத்தம்கூடப் பரவாயில்ல, சத்தமே செத்துப் போச்சு. கம்பியைத் தட்டினா ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி 'டொப்'புங்குது. அலமாரி மேல ராஜா மாதிரி இருந்த கிட்டாரு பால்கனிக்குப் போச்சு. அங்கன போயும் ரெண்டு பூனை ராப்பகலா அதையே சுத்திச் சுத்தி வந்துச்சு.

கார்த்திகை பாதியில அக்கா போன் பண்ணாங்க. பேரன் சிரிக்கானாம், குப்புற விழுதானாம். "ரெண்டு வாரத்துல வந்துருவேன். கிறிஸ்மஸ் பாட்டு எல்லாம் இங்கனயே மனசுக்குள்ள வாசிச்சுப் பாத்துக்கிட்டேன். கிட்டாரு நல்லா இருக்கா?" ன்னு கேட்டாங்க.

"நல்லா இருக்குக்கா," ன்னுட்டேன். நாக்கு என்னுதுதான், பொய் யாருதுன்னு தெரியல.

உள்ளூர்ல கிட்டார் கடை இல்லாம இல்ல. ஆனா இங்கன கிட்டார் தொட்டவங்க எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள சேதி கனடா போயிரும். சென்னைக்குக் கொண்டு போறதுதான் வழின்னு முடிவு பண்ணேன். ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு, பெட்டிக்கு மேல ரெண்டு பிளாஸ்டிக் உறை மாட்டி, யாருக்காவது குடுக்க ஆகும்னு ரெண்டு பாக்கெட் முந்திரி மக்ரூனும் வாங்கிக்கிட்டு சாயங்கால ரயில்ல ஏறிட்டேன். வீட்டுக்காரரு ஜன்னல் வழியா, "அதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கி வச்சிரு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" ன்னாரு.

ரயில் கிளம்பி அரை மணி நேரம் ஆகல. எதுத்தாப்புல இருந்த பெரியவரு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சாரு, முகத்தைச் சுளிச்சாரு, மூடினாரு.

"ஏம்மா, கருவாடு கொண்டு போனா நல்லாக் கட்டிக் கொண்டு போக வேண்டாமா?"

"கருவாடு இல்லீங்க. கிட்டாரு."

அவரு என்னைப் பாத்தாரு, பெட்டியைப் பாத்தாரு. பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டுப் போயி கதவோரமா நின்னு தின்னாரு.

சென்னையில கிட்டார் கடைங்க இருக்க தெருவை கூடை தூக்கின மீன்காரி மாதிரி சுத்தினேன். முதல் கடை முழுக்கக் கண்ணாடி. செவரு பூரா கிட்டாரு, சிவப்பு, கறுப்பு, தேன் நிறம். ஒரு பையைத் தோள்ல மாட்டின பொண்ணு ஒண்ணை எடுத்து மடியில வச்சு வாசிச்சுப் பாத்துச்சு, என்ன அழகு! நான் பெட்டியைத் திறந்ததும் டை கட்டின ஆளு ரெண்டு அடி பின்னால போயிட்டாரு. "மேடம், தயவுசெஞ்சு மூடிருங்க. ஷோரூம் முழுக்க ஏசி."

அவரு பின்னால செவுத்துல தொங்குது, அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு. அதே தேன் நிறம். நான் பொய் சொல்லல, ஒரு நிமிசம் கை போயிருச்சு. வாங்கிட்டா முடிஞ்சுது. பொய் ஏற்கனவே சொல்லியாச்சு, இது அதோட வாலு. அப்புறம் பெட்டிக்குள்ள குனிஞ்சு பாத்தேன். விளிம்புல அந்தப் பல்லுத் தடம், ரெண்டு சின்னப் பள்ளம். கடிச்ச பிள்ளை இப்ப ஒரு பிள்ளைக்குத் தாயி. இதை எந்தக் கடையில போயி வாங்குவேன்? "ரிப்பேர் பண்றவங்க யாராவது இருக்காங்களா?" ன்னு கேட்டேன். பாவம், வழி நல்லாத்தான் சொன்னாரு.

அவர் சொன்னது மயிலாப்பூர்ல ஒரு சந்து. சைக்கிள் நிறுத்துற அளவுக்கு ஒரு அறை, கழுத்து இல்லாத வீணை, வயிறு கிழிஞ்ச கிட்டாருங்க, பிசின் வாடை. மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டின ரிப்பேர்காரரு. பக்கத்து அறையில ஒரு மிருதங்கக்காரரு தோலு இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தாரு. இவரு பெட்டியைத் திறந்தாரு. பின்னால போகல. குனிஞ்சு, ஓட்டைக்கிட்ட மூக்கை வச்சு, நல்லா இழுத்து மோந்தாரு.

"மீன் எண்ணெயா?"

"ஆமாங்க."

"யாரு பூசுனது?"

"நாந்தாங்க."

"உள்ளயுமா?"

நான் தலையை ஆட்டினேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. முப்பது வருசமா எல்லாக் கிறுக்கையும் பாத்துட்டேன், இது ஒண்ணுதான் பாக்கின்னு சொன்னாரு. கிட்டாரைத் தட்டித் தட்டிக் காதை வச்சுக் கேட்டாரு. கீறலை நகத்தால தடவிப் பாத்து, "இது ஒண்ணும் ஆழமில்ல," ன்னு முடிச்சுக்கிட்டாரு. "வாடையைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன். சத்தம் திரும்புதான்னு பாக்கறேன். நாலு மணிக்கு வாங்க."

பத்தரைலருந்து நாலு வரைக்கும் நான் எங்க போவேன்? கச்சேரி சீசன் அப்பதான் தொடங்கியிருந்துச்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு சபா, மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. போயி உட்கார்ந்தேன். மேடையில ஒரு பொண்ணு, கண்ணை மூடிக்கிட்டு உருகி உருகிப் பாடுது. எனக்கு ஒரு சங்கதியும் காதுல ஏறல. அக்கா முகந்தான் முன்னால நிக்குது. கோவப்பட்டாங்கன்னாகூடப் பரவாயில்ல, ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாங்க. ஒண்ணும் சொல்லாம பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? மறுநாள் ஆபீஸ்ல "பரவாயில்லம்மா"ன்னு மரியாதையாப் பேசிட்டாங்கன்னா? பக்கத்துல பட்டுப் புடவை கட்டின ஒரு மாமி மூக்கை உறிஞ்சி, "என்னமோ வாடை வர்றதே," ன்னு ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்தாங்க. ராத்திரி பூரா பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன், சேலையில ஏறாம எங்க போகும்?

கேன்டீன்ல இலை போட்டாங்க. அக்காரவடிசல், கீரை வடை, கதம்பச் சாம்பார். வாயில வச்சேன், சாம்பலைத் தின்ன மாதிரி இருந்துச்சு. பாதி இலையை மூடிட்டு எந்திரிச்சேன்.

மூணரைக்கே சந்துக்குப் போயிட்டேன். கிட்டாரு மேசை மேல மல்லாக்கக் கிடந்துச்சு, புதுக் கம்பி போட்டு, பளபளன்னு. ஸ்பிரிட் போட்டு மூணு தடவை துடைச்சாராம். உள்ளயிருந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தாராம். கூடவே கால் ஆழாக்கு விபூதியும் வந்துச்சாம். "சாமி கும்பிட்டீங்களா, ரிப்பேர் பண்ணீங்களா?" ன்னு கேட்டாரு. பெட்டிக்குள்ள கரித்தூள் பொட்டலம் ரெண்டு வச்சிருந்தாரு, அது வாடையை இழுக்குமாம்.

"இதோட சொந்தக்காரங்க என்ன வாசிப்பாங்க?"

"கோயில்ல. கிறிஸ்மஸ் பாட்டு."

அவரு ஸ்டூல்ல உட்கார்ந்து, கிட்டாரை மடியில வச்சு, ஒரு கிறிஸ்மஸ் பாட்டை எடுத்தாரு. நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். சத்தம் வந்துச்சு. வந்துருச்சு! சாக்குச் சத்தம் இல்ல, பழைய சத்தம், அக்கா மத்தியான நேரத்துல ஆபீஸ்ல வாசிப்பாங்கல்லா அதே சத்தம், மணி மாதிரி. பக்கத்து அறை மிருதங்கக்காரரு அரைகுறையாக் கட்டின மிருதங்கத்துல மெல்லத் தாளம் போட ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா வாசிக்காங்க. நான் சந்துல நின்னு வெக்கமில்லாம அழுதேன்.

"வாடை இன்னும் ஆறு மாசம் லேசா இருக்கும்," ன்னாரு. "அப்புறமும் மழைக்காலத்துல வரும். அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கூலியோட மக்ரூன் பாக்கெட்டையும் குடுத்தேன். அங்கனயே ஒண்ணைப் பிச்சு வாயில போட்டாரு. அதுல முட்டை வெள்ளைக்கரு இருக்குன்னு தெரிஞ்சும் நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். எங்க ஊர் மக்ரூன் விசயத்துல மட்டும் என் சைவம் கண்ணை மூடிக்கும்.

ரயிலுக்கு நேரம் இருந்துச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா அதே சபாவுக்குப் போனேன். கேன்டீன்ல ரெண்டு தடவை அக்காரவடிசல் கேட்டு வாங்கி விரலைச் சூப்பினேன், ரெண்டு காபி குடிச்சேன். வெளியில வச்சிருந்த ஸ்பீக்கர்ல சாயங்காலக் கச்சேரி கேட்டுச்சு. யாரு பாடுனா, என்ன ராகம், எனக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் நான் முதல் முதலா ஒரு கச்சேரி கேட்டேன்.

அக்கா வந்த அன்னைக்கு, அவங்க பெட்டியைத் திறக்கதுக்கு முன்னால நானே எல்லாத்தையும் சொல்லிரணும்னு முடிவு பண்ணியிருந்தேன். அவங்க விடல. வந்தாங்க, பேரன் போட்டோவைக் காட்டினாங்க. நான் காபி போட அடுக்களைக்குப் போன நேரத்துல பெட்டிப் பூட்டு 'டக்'குன்னு திறக்க சத்தம் கேட்டுச்சு. தம்ளரோட ஓடி வந்தேன்.

அக்கா குனிஞ்சபடி இருக்காங்க. "ஏளா, இது என்ன வாசம்?"

கடகடன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். மேகாத்து, கீறல், ஓடாவி, பாட்டில், ரயில், சென்னை, போன்ல சொன்ன பொய். அக்கா கிட்டாரைப் பாக்கவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"துணியால பூசுனியா?"

"இல்லக்கா. விரலால தேச்சாத்தான் எறங்கும்னாரு."

"இந்தக் கையாலயா? மீன் எண்ணெயை?" என் வலது கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "என் சாப்பாட்டு டப்பாவைப் பாத்து ஓடுனவ நீ?"

அவங்க உதடு துடிச்சுச்சு. அழப்போறாங்கன்னு நினைச்சேன். சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் பதினெட்டு வருசத்துல பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரரும் உள்ளயிருந்து வந்து கூடச் சேர்ந்துக்கிட்டாரு. சிரிச்சு முடிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அக்கா அந்தக் கீறலைத் தொட்டுக் காட்டினாங்க.

"இதுவா?"

"இதுதான்க்கா."

"இது நான் வாங்கின அன்னைக்கே இருந்துச்சு. இதைக் காட்டித்தான் விலையைக் குறைச்சு வாங்கினேன்."

எனக்கு அவங்க தலையில அந்தக் காபியைக் கொட்டலாமான்னு இருந்துச்சு. "ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கலியே."

அப்புறம் கிட்டாரை எடுத்து மடியில வச்சு ஒரு பாட்டு வாசிச்சாங்க. முடிச்சுட்டு ஓட்டைக்குள்ள ஒருக்கா மோந்து பாத்து, "கோயில்ல எல்லாரும் எங்க தம்பியைத்தான் சந்தேகப்படுவாங்க," ன்னாங்க. பெட்டியை மூடும்போது சாதாரணமாச் சொன்னாங்க, "சித்திரையில திரும்பவும் போணும், ஏளா. மகளுக்கு லீவு முடியுது, பிள்ளையைப் பாக்க ஆள் வேணும். அப்பவும் இதை இங்கனயே வைக்கேன்."

"ஐயையோ, எனக்கு வேண்டாங்க்கா. உங்க தம்பி வீட்டுல வைங்க."

"அவன் வீட்டுலயா? வெள்ளம் வந்தா அவன் முதல்ல டிவியைத் தூக்குவான்."

கிட்டாரோட அவங்க தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள வந்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேல இருந்த சாமானை எல்லாம் எறக்கித் துடைச்சு, கிட்டார் பெட்டிக்கு இடம் ஒதுக்கினேன். சித்திரைக்கு இன்னும் நாலு மாசம் இருந்துச்சு.